நாயை வாட்டும் தெள்ளும் உண்ணியும்

நாய் பின்னங்காலால் காதை ஓயாமல் சொறிகிறது. திடீரென்று எழுந்து வாலின் அடிப்பக்கத்தைப் பல்லால் கடிக்கிறது. ‘தெள்ளு பிடித்துவிட்டது’ என்று சொல்லி வீட்டார் அதைக் குளிப்பாட்டுகிறார்கள். மருந்துத் தூளைத் தூவுகிறார்கள். சில நாட்கள் தொல்லை இல்லை. மூன்றாம் வாரத்தில் மறுபடியும் அதே சொறிதல்! மருந்து போலி என்று எண்ணி வேறு மருந்து வாங்குகிறார்கள். ஆனால், குறை பெரும்பாலும் மருந்தில் இல்லை. எதிரியை நாம் தேடும் இடம்தான் தவறு. அது எப்படி என்று பார்ப்போம்.

தெள்ளு வேறு, உண்ணி வேறு

தெள்ளு ஒரு பூச்சி. ஆறு கால்கள் உண்டு, இறக்கை இல்லை. நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். உடல் இரு பக்கமும் அழுத்தியதுபோல் தட்டையாக இருப்பதால் மயிர்க்காட்டுக்குள் எளிதாக நுழைந்து ஓடும். உலகின் பல பகுதிகளில் நாய்களின்மேல் மிகுதியாகக் காணப்படுவது ‘பூனைத் தெள்ளு’ என்ற இனம் என்பது வேடிக்கையான செய்தி.

உண்ணி பூச்சியே அன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். அதற்குத் துள்ளத் தெரியாது, பறக்கவும் தெரியாது. ஊர்ந்து வந்து பற்றிக்கொள்ளும்.

துள்ளலுக்குப் பின்னால் உள்ள இயற்பியல்

தெள்ளு பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரம் துள்ளும். தன் உடல் நீளத்தைப்போல் ஐம்பது மடங்கு! ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்டு நேரத்திற்குள் அது விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தை அடைகிறது. அப்படியானால் முடுக்கம் எவ்வளவு? 1.5-ஐ 0.001-ஆல் வகுத்தால் 1,500. இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 150 மடங்கு. வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்து, துள்ளும் உயரத்தையும் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

எந்தத் தசையாலும் இவ்வளவு விரைவாகச் சுருங்க முடியாது. தெள்ளின் உடலில் ‘ரெசிலின்’ என்னும் ரப்பர் போன்ற புரதம் உள்ளது. தசை அதை மெதுவாக அழுத்தி ஆற்றலைச் சேமிக்கிறது. பிறகு அந்த ஆற்றல் ஒரே நொடியில் விடுபடுகிறது. உண்டிவில்லின் ரப்பரை மெல்ல இழுத்துச் சட்டென்று விடுவது போன்றதே இது. 1967-இல் பென்னட்-கிளார்க், லூசி என்ற இரு ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தை வெளியிட்டனர்.

நூற்றுக்கு ஐந்துதான் நாயின்மேல்!

நாயின் இரத்தத்தைக் குடித்த பெண் தெள்ளு, ஒரு நாளில் 40 முட்டைகள்வரை இடும். முட்டைகள் வழுவழுப்பானவை, மயிரில் ஒட்டா. நாய் நடக்கும் இடம், படுக்கும் இடம் எங்கும் அவை உதிரும். உதிர்ந்த முட்டையிலிருந்து புழு வரும். புழு வெளிச்சத்துக்கு அஞ்சித் தரை வெடிப்பிலும் சாக்கின் மடிப்பிலும் ஒளியும். தாய்த் தெள்ளின் எச்சமாக உதிர்ந்த காய்ந்த இரத்தமே அதன் உணவு. பின்பு கூடு கட்டும். கூட்டிலிருந்து புதிய தெள்ளு வெளிவரும். வெப்பமும் ஈரமும் ஏற்றபடி இருந்தால் இவ்வளவும் மூன்று வாரங்களில் முடிந்துவிடும். மூன்றாம் வாரத்தில் சொறிதல் ஏன் திரும்பியது என்பது இப்போது புரிகிறதல்லவா?

நாயின்மேல் பத்துப் பெண் தெள்ளுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் நாளுக்கு 20 முட்டை இட்டாலும், ஒரு மாதத்தில் 6,000 முட்டைகள்! ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் நாயின்மேல் இருக்கும். மீதி 95 பங்கு முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில் இருக்கும் என்று விலங்கு மருத்துவர்கள் தோராயமாகச் சொல்வார்கள்.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வெளியிலுள்ள முட்டைகளையும் புழுக்களையும் அழித்துவிடும். நமக்கு அந்த உதவி இல்லை. சென்னையில் மார்கழி இரவுகூட பொதுவாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஆகவே இங்கு தெள்ளுக்கு ஆண்டு முழுவதும் வளர்பருவம்தான்.

ஆனால், புழுவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது உலர்ந்து மடியும். 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தையும் நெடுநேரம் தாங்காது. அப்படியானால் நம் சித்திரை வெயிலில் அது எப்படிப் பிழைக்கிறது? வெயில் தாங்காத நாய் மாடிப்படியின் அடியையும் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தையும் தேடிப் படுக்கிறது. நாய்க்கு இதமான அந்த நிழலும் ஈரமும் புழுவுக்கும் இதம். நாயே முட்டைகளைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது!

கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு, பல வாரங்கள் வெளிவராமல் காத்திருக்கவும் வல்லது. காலடியின் அதிர்வு, உடல் வெப்பம், மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயு ஆகியவை அதை எழுப்பும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும், பூட்டியிருந்த வீட்டில் தெள்ளுகள் கூட்டமாகக் காலில் ஏறுவது இதனால்தான்.

உண்ணி காத்திருக்கும் கலை

வெப்ப நாடுகளில் பரவலாக உள்ளது பழுப்பு நாய் உண்ணி. இது மூன்று பருவங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு முறை, நாயைப் பற்றி இரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு முறையும் குடித்தபின் கீழே விழுந்து, சுவர் வெடிப்புகளில் ஒளிகிறது. வயிறு புடைத்த பெண் உண்ணி அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது.

இரத்தம் கிடைக்காவிட்டாலும் உண்ணி பல மாதங்கள் உயிரோடிருக்கும். இடையில் தண்ணீருக்கு என்ன செய்கிறது? மழைக்காலத்தில் சமையலறை உப்பு தானே நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு காற்றிலுள்ள நீராவியை ஈர்ப்பதே காரணம். உண்ணியும் உப்பு மிகுந்த உமிழ்நீரை வாயில் சுரந்து, அதில் படியும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

இரத்த இழப்பைவிடப் பெரிய ஆபத்து நோய். எர்லிக்கியா என்ற பாக்டீரியாவையும் பபீசியா என்ற ஒற்றைச்செல் உயிரையும் உண்ணி நாயின் இரத்தத்தில் செலுத்திவிடும். வியட்நாம் போரின்போது, 1960-களின் இறுதியில், அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கும் மேல் எர்லிக்கியா நோயால் மாண்டன. காய்ச்சல், உணவில் வெறுப்பு, வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். காலத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலான நாய்களைக் காப்பாற்றிவிடலாம்.

நாம் செய்ய வேண்டியவை

நாயின் படுக்கையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, உச்சிவெயிலில் திருப்பித் திருப்பி உலர்த்துங்கள். வெப்பம், வறட்சி ஆகிய இரண்டு ஆயுதங்களும் செலவில்லாமல் கிடைக்கின்றன. படுக்கும் மூலையை நாள்தோறும் பெருக்கிக் குப்பையை எரித்துவிடுங்கள், அல்லது இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். தரை, சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசச் சொல்லுங்கள்.

காது, கழுத்து, கால்விரல் இடுக்குகளில் உண்ணி உள்ளதா என்று தினமும் பாருங்கள். இருந்தால், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக, சீராக இழுக்க வேண்டும். நெருப்பால் சுடுவதும் விரலால் நசுக்குவதும் கூடாது. எடுத்ததைச் சோப்புநீரில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

மருந்தை மருத்துவர் சொன்னபடி, நாயின் எடைக்கு ஏற்ற அளவில், இடைவிடாது சில மாதங்கள் கொடுக்க வேண்டும். தரையிலுள்ள கூடுகள் தீரும்வரை புதிய தெள்ளுகள் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. நாய் மருந்துகள் சிலவற்றிலுள்ள ‘பெர்மெத்ரின்’ பூனையைக் கொன்றுவிடும். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. மண்ணெண்ணெய் தடவுவது நாயின் தோலைப் புண்ணாக்கும். பூண்டு தின்னக் கொடுப்பது அதன் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

செய்து பாருங்கள்

நாயின் மயிரை நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாரி, உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் போடுங்கள். வெறும் மண் அப்படியே இருக்கும். தெள்ளின் எச்சமானால் சுற்றிலும் செம்பழுப்பு நிறம் பரவும். அது காய்ந்த இரத்தம் கரைந்த நிறம். அந்நிறம் தோன்றினால் அன்றைக்கே சீப்பைக் கீழே வைத்துவிட்டு, நாய் படுக்கும் சாக்கை எடுத்து வெயிலில் போடுங்கள்!