தாங்கும் செல்கள் தளரும்போது...

மூளையைப் பற்றிய பேச்சு என்றாலே நியூரான்களின் பேச்சாகத்தான் இருக்கிறது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன என்பதை வியப்போடு சொல்கிறோம். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் பிற செல்களும் அங்கே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கிளியல் செல்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். ‘கிளியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். நியூரான்களை ஒட்டிவைக்கும் பசை என்று கருதியே 19ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் விர்ச்சோ அப்பெயரை இட்டார். அவை வெறும் பசை அல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரமான சான்று உண்டு: தொழுநோய்.

நியூரான் என்பது செய்தி கடத்தும் செல். கிளைகளைப் போன்ற டெண்ட்ரைட்டுகள் செய்தியைப் பெறுகின்றன. நீண்ட ஆக்ஸான் அதை மின்தூண்டலாக எடுத்துச்செல்கிறது. அடுத்த நியூரானை அடையும் இடத்தில் ஒரு நுண்ணிய இடைவெளி. பெரும்பாலும் வேதிப்பொருட்களே அதைக் கடந்து செய்தியைச் சேர்க்கின்றன. தண்டுவடத்திலிருந்து கால்விரல் வரை செல்லும் ஆக்ஸான் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அவ்வளவு நீண்ட இழையைச் செல் உடல் தனித்துப் பேண இயலாது.

துணைச் செல்களின் பணி இங்கேதான் தொடங்குகிறது. மூளையில் ஆஸ்ட்ரோசைட்டுகள் நியூரான்களின் சுற்றுச்சூழலைச் சீராக வைக்கின்றன; மைக்ரோகிளியாக்கள் கிருமிகளையும் கழிவையும் அகற்றுகின்றன. கை கால் நரம்புகளில் அப்பொறுப்பு ஷ்வான் செல்களுடையது. அவை ஆக்ஸானைச் சுற்றி மயலின் உறையை அமைக்கின்றன. உறையற்ற இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நகரும் தூண்டல், தடித்த மயலின் உறைகொண்ட இழையில் 100 மீட்டர் வேகத்தையும் எட்டும். வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் மெல்லிய இழைகளையும் ஷ்வான் செல்களே அரவணைத்துக் காக்கின்றன.

தொழுநோய்க் கிருமி குடியேறுவது இந்த ஷ்வான் செல்களில்தான். எனவே, அதைத் தோல் நோய் என்பதைவிட நரம்பு நோய் என்றே நான் சொல்வேன். கிருமி மிக மெதுவாகப் பெருகுகிறது. அறிகுறி தென்படச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகின்றன. கிருமியாலும், அதை எதிர்க்கும் உடலின் அழற்சியாலும் துணைச் செல்கள் சிதைய, ஆக்ஸான்களும் அழிகின்றன. முதலில் மறைவது வெப்ப உணர்வும் வலியும். கிருமி விரல்களைத் தின்பதில்லை. சுட்டாலும் வெட்டினாலும் உணராத கையில் காயங்கள் புண்ணாகி, விரல்கள் குறைகின்றன. இதை வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் உலகுக்கு எடுத்துக்காட்டினார்.

உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 மாதம் முதல் ஓராண்டு வரை உட்கொண்டால் நோய் குணமாகும். ஆனால், மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, அழிந்த நரம்பை மீட்டுத் தராது. ஆகவே காலம் முக்கியம். வலிக்காத நோய்க்கு யாரும் மருத்துவரைத் தேடிச் செல்வதில்லை என்பதே இதில் உள்ள சிக்கல். அச்சமும் இழிவுணர்வும் அதற்குத் துணைபோகின்றன. தொழுநோயை மணமுறிவுக்கான காரணங்களிலிருந்து நீக்கச் சட்டத்துக்கே 2019 வரை ஆகியிருக்கிறது.

அரிக்காத, வலிக்காத, உணர்ச்சி குன்றிய தேமலைக் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். வலி இல்லை என்பது அங்கே நிம்மதிக்கான காரணம் அல்ல, அதுவே எச்சரிக்கை.