ஆயில் எஞ்சின் டாங்கி ஒழுகினால்...

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். டாங்கிக்கு அடியில் மண் கறுத்து ஈரமாகக் கிடக்கும். கேட்டால், "சொட்டு சொட்டாத்தானே போகுது, நடவு முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று சொல்வோம். அந்தச் சொட்டை ஒரு தடவை அளந்து பாருங்கள். அடியில் ஒரு கிண்ணத்தை ஒரு மணி நேரம் வையுங்கள். 60 மில்லி சேர்ந்தால், ஒரு நாளைக்கு 1,440 மில்லி. அதாவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். உங்கள் ஊர் பங்கில் விற்கிற விலையைப் போட்டு ஒரு மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் மனசு கேட்காது. போதாக்குறைக்கு, அந்த டீசல் கிணற்றில் இறங்கினால் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. கூரை வேய்ந்த எஞ்சின் கொட்டகையாக இருந்தால் ஒரு பீடி நெருப்பு போதும்.

ஆகவே ஒழுக்கை உடனே அடைக்க வேண்டியதுதான். ஆனால் அடைக்கிற முறையில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலில் ஒழுகுவது எங்கே என்று கண்டுபிடியுங்கள். பல நேரங்களில் டாங்கி நன்றாகவே இருக்கும். குழாய் மூட்டில்தான் கசிவு இருக்கும். டாங்கியையும் டேப்பையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். சிறிது நேரத்தில் பொடி எந்த இடத்தில் முதலில் நனைகிறதோ, அங்கேதான் ஓட்டை. டேப் மரையிலோ வாஷரிலோ கசிந்தால் புது வாஷர் போட்டு முடுக்கினால் போதும். ரப்பர் குழாய் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். தகரத்திலேயே ஓட்டை என்றால், பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இருக்கும்: துருப்பிடித்த அடித்தகடு, பற்று வைத்த விளிம்பு, அதிர்ச்சியில் பட்டை உராய்கிற இடம்.

தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போது ஒழுக ஆரம்பித்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு, துணி துவைக்கிற சோப்புக் கட்டியை ஓட்டை மேல் அழுத்தித் தேயுங்கள். சோப்பு டீசலில் கரையாது. கொஞ்ச நேரம் தாங்கும். டீசலை வேறு கேனுக்கு மாற்றும் வரைக்கும்தான் இந்தச் சோப்பு. அதையே நம்பிப் போகமெல்லாம் ஓட்டக் கூடாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டீசலை வடித்துவிட்டு டாங்கியைத் தூக்கிக்கொண்டு நேரே வெல்டிங் பட்டறைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். "காலி டாங்கிதானே சார், இதிலே எரிய என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். காலி டாங்கிதான் மிகவும் ஆபத்தானது. ஏன் என்று கேளுங்கள்.

எண்ணெய் எரிகிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் எரிவது அதிலிருந்து கிளம்புகிற ஆவி. ஆவி மட்டும் இருந்தாலும் எரியாது. காற்றும் கலக்க வேண்டும். நிறைந்த டாங்கியில் காற்றுக்கு இடம் கிடையாது. காலி டாங்கியில் ஆவியும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால், ஒரு பொறி பட்டதும் வெடிக்கும். 10 லிட்டர் டாங்கியில் அந்த அளவு ஆவி சேர ஒரு டீஸ்பூன் பெட்ரோல்கூட வேண்டாம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிற சிறிய எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டீசல் அவ்வளவு சுலபமாக ஆவியாகாது என்பது உண்மைதான். ஆனால் 35 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால் அதுவும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடலாம். சித்திரை வெயிலில் கிடக்கிற தகரமே அதைவிடச் சூடாகிவிடும். வெல்டிங் நெருப்புப் பட்டால் சொல்லவே வேண்டாம். மடிப்பிலும் துருவிலும் ஊறிக் கிடக்கிற டீசல் ஒரே நொடியில் ஆவியாகி, டாங்கி குண்டு போல வெடிக்கும்.

படகுக்கு எஞ்சின் வைத்திருக்கிற கடற்கரைக் கிராமத்தாருக்கும் இதையே சொல்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தட்டில் இறங்கித் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. டாங்கியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்துதான் வேலை பார்க்க வேண்டும்.

சிறிய ஓட்டைக்கு நெருப்பே தேவையில்லை. டீசலை மூடியுள்ள கேனில் வடித்து, அடுப்புக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டாங்கியைச் சுடுநீரும் சலவைத் தூளும் போட்டுக் குலுக்கி, வாடை போகும் வரை இரண்டு மூன்று தடவை கழுவி உலர்த்துங்கள். ஓட்டையைச் சுற்றி ஓர் அங்குலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, தகரம் பளிச்சென்று தெரியும்படி செய்யுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. எம்-சீல் மாதிரி இரண்டு பாகமாக வருகிற பசையை வாங்கும்போது, டீசல் தாங்குமா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள். இரண்டையும் ஒரே நிறம் வருகிற வரை பிசைந்து, ஓட்டைக்குள்ளும் கொஞ்சம் இறங்கும்படி அழுத்தி, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். பிளாஸ்டிக் டாங்கியில் இந்தப் பசை சரியாக ஒட்டாது. அதை மாற்றிவிடுவதே நல்லது.

விரிசல் பெரிதாக இருந்தால் பட்டறை வேலைதான். அனுபவமுள்ள ஆளிடம் கொடுங்கள். ஈயப் பற்றானாலும் வெல்டிங்கானாலும், மூடியையும் டேப்பையும் கழற்றி, மேலே சொன்னபடி பலமுறை கழுவியிருக்க வேண்டும். பிறகு விரிசல் மேலே வரும்படி டாங்கியை வைத்து, பற்று வைக்கிற இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். உள்ளே ஆவி தங்க இடமே இருக்கக் கூடாது. நீராவி வெளியேற வாய் திறந்திருக்க வேண்டும். "சைலன்சர் புகையை உள்ளே விட்டால் போதும்" என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். டீசல் எஞ்சின் புகையில் பிராணவாயு நிறையவே மிச்சமிருக்கும். பட்டறைக்காரர் "தண்ணீரெல்லாம் எதுக்கு, ரெண்டு நிமிஷ வேலை" என்று சொன்னால், டாங்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடித்தகட்டை ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே துரு தின்றுவிட்டது என்று அர்த்தம். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று விடும். புது டாங்கி போடுவதே சிக்கனம்.

வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். கம்ப்ரசர் காற்று ஏற்றிச் சோதிக்காதீர்கள். மெல்லிய தகரம் பிளந்துவிடும். சோதித்த பிறகு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் உலர்த்துங்கள். தண்ணீர் போனால் நாசிலும் பம்பும் கெடும். பிறகு டீசல் ஊற்றி, ஏர் எடுத்து, எஞ்சினை ஓட்டலாம்.

மறுபடி ஒழுகாமல் இருக்க என்ன செய்யலாம்? சாயங்காலம் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வையுங்கள். பாதி டாங்கியாக விட்டால் இராக் குளிரில் உள்காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும். துருவுக்குக் காரணமே அதுதான். வாரம் ஒரு தடவை காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் அடிப்பிளக்கைத் தளர்த்தி அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பட்டைக்கு அடியில் பழைய டியூப் ரப்பரை வெட்டி வையுங்கள்.

கொட்டகையில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும். டீசல் தீப்பிடித்தால் தண்ணீரை ஊற்றக் கூடாது. எண்ணெய் மிதந்து தீ பரவும். மணலைக் கொட்டுங்கள்.

ஒழுகுகிற டாங்கியை இன்றைக்கே கவனியுங்கள். கழுவித் தண்ணீர் நிரப்பாத டாங்கியின் பக்கத்தில் மட்டும் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள்.