பழைய மாருதி 800-ஐ வீட்டிலேயே புதுசாக்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க



எங்க அலங்காநல்லூர்ல காளை வளர்க்கிறவங்ககிட்ட "இதுல என்ன லாபம்?"னு கேட்டுப் பாருங்க. சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, நீச்சல் பயிற்சின்னு வருஷம் முழுக்கச் செலவு. வாடிவாசல்ல அது நிக்கிறது சில நொடி. அது முதலீடு இல்லை, ஆசைன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

பழைய கார் விஷயத்துல நம்மள மாதிரி சம்பளக்காரங்க சறுக்குறது இங்கதான். ஆசைக்கு 'முதலீடு'னு பேர் வச்சு, கடன் வாங்கிடுறோம். நானும் அதைத்தான் பண்ணேன்.

ஸ்கைலைன் கனவு, 800 நிஜம்

யூடியூப்ல நிசான் ஸ்கைலைன், டொயோட்டா ஏ.இ.86 எல்லாம் பார்த்துட்டு "ஒண்ணு இறக்கலாமா?"னு நிறைய பேர் கேக்குறீங்க. இந்தியாவுக்குள்ள பயன்படுத்தின காரை இறக்குமதி பண்ணணும்னா, பொதுவா அது தயாரிச்சு 3 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. அதனால 90-கள் ஜப்பான் கார் நமக்கு ஆகாது.

ஆனா நம்ம தெருவுலயே ஒரு ஜப்பான் கார் நிக்குது. மாருதி 800. 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் காரோட சாவியை இந்திரா காந்தி கொடுத்தாங்க. அது சுசுகியோட சின்ன கார். ஆரம்பத்துல பாகங்கள் ஜப்பான்லேர்ந்து வந்து இங்க கோர்க்கப்பட்டுச்சு. 796 சிசி, 3 சிலிண்டர். 1986-ல் வடிவம் மாறுச்சு, 2014 ஜனவரியில தயாரிப்பு நின்னுச்சு. இந்தியாவுல மட்டும் 26 லட்சத்துக்கு மேல வித்திருக்கு.

பாக்கெட்டுக்கு முக்கியம் அந்தக் கடைசி எண்ணிக்கைதான். இவ்வளவு வித்த வண்டிக்கு ஸ்பேர் கிடைக்கும், வேலை தெரிஞ்ச மெக்கானிக்கும் கிடைப்பார். வீட்டுல பழகுறதுக்கு இதைவிட மலிவான ஜப்பான் கார் கிடையாது.

என் நோட்டுல இருக்கிற கணக்கு

2023-ல் 1998 மாடல் ஒண்ணு வாங்கினேன். மொத்தம் 1 லட்சத்துல முடிச்சிடலாம்னு திட்டம். நடந்தது இது:

- வண்டி விலை: 45,000
- டிங்கரிங், பெயின்ட்: 58,000
- எஞ்சின் வேலை: 27,000
- பிரேக், சஸ்பென்ஷன்: 14,000
- 4 டயர்: 11,000
- பேட்டரி, வயரிங்: 8,000
- பேர் மாத்துறது, எஃப்.சி., இன்சூரன்ஸ், அலைச்சல்: 17,000

மொத்தம் 1,80,000 ரூபாய். கையில இருந்தது 30,000 தான். மீதி 1.5 லட்சத்துக்கு 14% வட்டியில 3 வருஷ பர்சனல் லோன். மாசம் 5,127 ரூபாய் இ.எம்.ஐ. வட்டி மட்டும் 34,500 தாண்டுது. ஆக, அந்தக் கார் எனக்கு 2,14,500 ரூபாய். அதுக்கப்புறம் ஒருத்தர் விலைக்குக் கேட்டார். 90,000!

பெரிய அடி எஞ்சின்ல விழலை, பேப்பர்ல விழுந்துச்சு

எஞ்சின் சத்தம் கேட்டதும் மயங்கிட்டேன். ஆர்.சி.யில இருக்கிற பேரைச் சரியா விசாரிக்கலை. அந்த ஓனர் தவறிப்போய் 2 வருஷம் ஆச்சு; வித்தது அவரோட கடைசி மகன். வாரிசுச் சான்றிதழ் வேணும், மத்த ரெண்டு அண்ணன்மாரும் சம்மதிக்கணும். ஒருத்தர் வெளிநாட்டுல. முடிய 8 மாசம். அதுக்குள்ள எஃப்.சி. காலாவதியாகி, மாசத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம் வேற. ரோட்டுல இறக்க முடியாத வண்டிக்கு 8 மாசம் இ.எம்.ஐ. கட்டின வயித்தெரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

அதனால அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி எம்-பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டு இதைப் பாருங்க:

1. ஆர்.சி. யார் பேர்ல இருக்கு? அவரே நேர்ல கையெழுத்துப் போடுவாரா?
2. எஃப்.சி. எதுவரைக்கும் இருக்கு? 15 வருஷம் முடிஞ்ச காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 20 வருஷம் வரை கட்டணம் 5,000. அதைத் தாண்டினா 10,000-ன்னு 2025 ஆகஸ்ட்ல ஏத்திட்டாங்க. பசுமை வரி தனி.
3. பழைய வண்டிக் கடன் ஆர்.சி.யில இன்னும் ஏறியிருக்கா?
4. எஞ்சின், சேஸ் நம்பர் ஆர்.சி.யோட ஒத்துப்போகுதா?

"கிளாசிக் கார்னு சலுகை கிடைக்காதா?"ன்னா, கிடைக்காது. 2021 விதிப்படி 50 வருஷம் தாண்டினாதான் விண்டேஜ். முதல் 800-க்கே அது 2033-ல் தான்.

அடுத்தது துரு

கையில ஒரு சின்ன காந்தம் எடுத்துட்டுப் போங்க. கதவோட அடிப்பக்கம், வீல் ஆர்ச், சைடுல ஓடுற படிப்பகுதில வச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா உள்ள தகடு இல்லை, பட்டிதான். கால்மிதியைத் தூக்கித் தரைத்தகட்டையும் பாருங்க. எஞ்சின் மோசமா இருந்தா ஓரளவு செலவைக் கணிக்கலாம். துரு அப்படி இல்லை. பெயின்டைச் சுரண்டச் சுரண்டத்தான் செலவு தெரியும். என் பில்லுல பெருசு எதுன்னு மேல பாருங்க.

எது வீட்டுல, எது பட்டறையில?

சீட், கார்ப்பெட் கழட்டிச் சுத்தம் பண்றது, கார்புரேட்டர் கிளீனிங், பிளக், ஃபில்டர், ஆயில் மாத்துறது, லைட், கண்ணாடி ரப்பர் இதெல்லாம் ஞாயித்துக்கிழமை வேலை. கூலி மிச்சம், வண்டியும் பழகிடும். வெல்டிங், பிரேக் லைன், வீல் அலைன்மென்ட் பட்டறைக்குத்தான். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க, ஸ்டாண்ட் வைங்க. அந்தச் செலவுல மிச்சம் பிடிக்கக் கூடாது.

மாடிஃபிகேஷன்: இங்க உஷார்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்துச்சு. 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டுமே. வேற எஞ்சின் போடுறது, கூரையை வெட்டுறது எல்லாம் இதுல மாட்டும். கலர் மாத்தினா ஆர்.சி.யிலயும் மாத்தணும். இன்சூரன்ஸ் கிளைம்லயும் சிக்கல் வரலாம். பழைய அமைப்புக்கே திரும்பக் கொண்டுவர்றதுதான் செலவுக்கும் சட்டத்துக்கும் நல்லது.

அப்போ வாங்கவே கூடாதா?

வாங்கலாம். வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

முதல்ல 6 மாசச் செலவுக்கான அவசரப் பணம் தனியா இருக்கணும். அதைத் தொடவே கூடாது. அப்புறம் மாசம் 6,000 ரூபாய் ஆர்.டி. போடுங்க. 25 மாசத்துல வட்டி சேராமலே 1.5 லட்சம். நான் கட்டின இ.எம்.ஐ.யைவிட 873 ரூபாய்தான் கூட. 8-வது மாசம் 48,000 சேர்ந்ததும் வண்டியை வாங்குங்க. பேப்பர், பாடி, பிரேக், எஞ்சின், அழகு. இந்த வரிசையில, அந்தந்த மாசம் கையில இருக்கிற காசுக்கு மட்டும் வேலை. காசு தீர்ந்தா வேலை நிக்கட்டும். கடன் இல்லாத வண்டி ஷெட்ல எத்தனை மாசம் நின்னாலும் வட்டி கேக்காது.

முக்கியமா, கிரெடிட் கார்டுல ஸ்பேர் வாங்காதீங்க. 60,000 பாக்கி வச்சு, மாசம் 3.5% வட்டின்னா 2,100 ரூபாய். அதுக்கு மேல ஜி.எஸ்.டி. 378.

என் 800 இப்பவும் வாசல்லதான் நிக்குது. 90,000-க்குக் கேட்டவர்கிட்ட கொடுக்கலை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு போவேன். அந்தச் சந்தோஷத்துக்கு 1,80,000 கொடுத்ததுல எனக்கு வருத்தமே இல்லை. வட்டியா போன 34,500-க்குத்தான் வருத்தம். உங்களுக்கு அது மிச்சமாகட்டும்.

வண்டியில காந்தத்தை எங்கெங்க வச்சுப் பார்க்கணும்னு சேனல்ல வீடியோவாவும் காட்டுறேன். நீங்க பார்த்து வச்சிருக்கிற வண்டியோட வருஷம், எஃப்.சி. தேதி, கேக்குற விலையை கமெண்ட்ல போடுங்க, சேர்ந்து கணக்குப் போடலாம்!