ஒரு நிமிடம் 30 ரூபாய் 40 காசு

என் ஓட்ட நோட்டின் முதல் வரி: 18 வாரம், 810 கிலோமீட்டர். ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடுவதற்காக செப்டம்பரில் தொடங்கிய பயிற்சி அது. ஒரு கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் கடக்கிறேன். நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறேன். அப்படியானால் கிலோமீட்டருக்கு 1,105 அடி. போட்டித் தூரமான 42.195 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 46,600 அடி, காலுக்கு 23,300. ஓடும்போது ஊன்றுகிற கால், உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு தாங்கும் என்பது பொதுக் கணக்கு. என் எடை 66 கிலோ. ஒவ்வொரு ஊன்றலிலும் 165 கிலோ. பயிற்சி முழுவதையும் கூட்டினால் சுமார் 8 லட்சத்து 95 ஆயிரம் அடி. இவ்வளவு அடி வாங்கிய கால்களுக்குத் திருப்பி என்ன கொடுத்தேன் என்று பார்க்கத்தான் மசாஜுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கினேன்.

அந்தப் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

ஒரு மணி நேர மசாஜ், 5 முறை, தலா ரூ.1,800: ரூ.9,000
போட்டி வாரத்தில் அரை மணி நேரம், 1 முறை: ரூ.1,000
போட்டிக்குப் பின் 45 நிமிடம், 1 முறை: ரூ.1,400
ஆட்டோ, போக வர, 7 முறை, தலா ரூ.200: ரூ.1,400
மொத்தம்: ரூ.12,800

இது எங்கள் பகுதியில் நான் கொடுத்த விலை. ஊருக்கு ஊர் மாறும். ஆட்டோவைக் கழித்துவிட்டால் 375 நிமிடத்துக்கு 11,400 ரூபாய், அதாவது நிமிடத்துக்கு 30 ரூபாய் 40 காசு. ஓடிய கிலோமீட்டருக்கு வகுத்தால், ஆட்டோவும் சேர்த்து, 15 ரூபாய் 80 காசு. ஷூவுக்கு 8,500 ரூபாய் கொடுத்தேன். அது கிலோமீட்டருக்குப் பத்தரை ரூபாய்தான். காலுக்கு அடியில் போட்டதைவிடக் கால் மேல் போட்டது அதிகம். இந்த வரியை எழுதிய அன்றுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக் கணக்கு வேறு. வாரம் 3 நாள், 12 நிமிடம், நல்லெண்ணெய் விட்டு நானே கெண்டைக்காலையும் தொடையையும் உருவிக்கொள்வேன். 54 முறை, 648 நிமிடம். ஒரு தடவைக்கு 15 மில்லி என்றால் 810 மில்லி எண்ணெய். கிலோமீட்டருக்குச் சரியாக ஒரு மில்லி! லிட்டர் 400 ரூபாய் வீதம் எண்ணெய்க்கு 324, ஃபோம் ரோலருக்கு 900, ஆக 1,224 ரூபாய். நிமிடத்துக்கு 1 ரூபாய் 90 காசுக்கும் கீழே. கை எட்டாத இடம் ஒன்றுண்டு, இடுப்புக்குக் கீழே பிட்டத் தசையின் ஆழம். அங்கே பயிற்சி பெற்ற கையின் முழங்கை செய்கிற வேலையை ரோலர் செய்வதில்லை. அதற்குக் காசு கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

வரவுப் பக்கத்தில் எதை எழுதுவது என்பதில்தான் சிக்கல். ‘லாக்டிக் ஆசிட் எல்லாம் வெளியே போய்விடும்’ என்று எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள். கடும் ஓட்டத்தில் சேரும் லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தானாகவே குறைந்து பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வலிக்கு அது காரணமே இல்லை. கனடாவில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பிடிப் பயிற்சி முடிந்த தசையை நீவியபோது ரத்த ஓட்டம் கூடவில்லை, தடைபட்டது. ஆசிட் வெளியேறுவதும் குறைந்தது. அந்த வரவை அடித்துவிட்டேன்.

2020இல் 29 ஆய்வுகள், 1,012 பேர் என்று தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, மசாஜால் ஓட்ட வேகமோ தாக்குப்பிடிக்கும் திறனோ தசை வலுவோ கூடியதற்குச் சான்று இல்லை என்றது. உடல் வளைவில் சிறு முன்னேற்றம் உண்டு, உழைப்புக்குப் பிந்தைய தசை வலியில் சுமார் 13 சதவீதக் குறைவு உண்டு. பத்துக்கு 6 என்றிருக்கும் வலி 5.2 ஆகிறது. பிரேசிலில் அயர்ன்மேன் முடித்த 74 பேரிடம் நடந்த சோதனையில் 100 மில்லிமீட்டர் அளவுகோலில் வலி 7 மில்லிமீட்டர் குறைந்தது, களைப்பு உணர்வு 15 மில்லிமீட்டர் குறைந்தது. களைப்பில் கிடைத்த லாபம் வலியைப்போல் இரு மடங்கு என்பதைக் கவனியுங்கள். மேசையிலிருந்து எழும்போது நாம் உணர்வது பெரும்பாலும் அதுதான். கலிபோர்னியாவில் 161 கிலோமீட்டர் ஓடி முடித்தவர்களுக்கு 20 நிமிட மசாஜ் கொடுத்துப் பார்த்தபோதும் உடனடி ஆறுதல் கிடைத்தது. அடுத்தடுத்த நாட்களில் மீண்டு வந்த வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

என் நோட்டும் இதையேதான் சொல்கிறது. ஒரு மணி நேர அமர்வுகள் ஐந்திலும் போகும்போது, முடிந்ததும், மறுநாள் காலை என்று பத்துக்கு மதிப்பெண் குறித்து வைத்தேன். போகும்போது ஐந்தும் சேர்ந்து 29. முடிந்ததும் 17. மறுநாள் காலை 23. இறங்கிய 12 புள்ளியில் 6 விடிவதற்குள் திரும்பிவிட்டது. தங்கிய ஒவ்வொரு புள்ளிக்கும் 1,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். நீவாத வாரங்களிலும் மறுநாள் வலி இறங்கத்தான் செய்தது; ஆகவே அந்த 6 புள்ளியையும் முழுதாக மசாஜின் வரவில் வைக்க முடியாது. ஆனால் அந்த இரவுகளில் நன்றாகத் தூங்கினேன். அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை, போடவும் மனமில்லை.

எந்த நாளில் செய்கிறோம் என்பது விலையைவிட முக்கியம். இதை முந்தைய ஆண்டு பட்டுத்தான் கற்றேன். போட்டிக்கு 2 நாள் முன்பு ஓரிடத்தில் ஒரு மணி நேரம் அழுத்தமான மசாஜ். “வலிச்சா சொல்லுங்க சார்” என்றார் அந்தத் தம்பி. வலித்தது; வலித்தால்தான் பலன் என்று நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் இடது கெண்டைக்காலில் நீலம் பாய்ந்திருந்தது. போட்டியில் 28ஆவது கிலோமீட்டரில் அங்கேயே பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த 14 கிலோமீட்டரில் 9 நடைதான். இப்போது என் விதி: அழுத்தமான மசாஜுக்கும் போட்டிக்கும் குறைந்தது 7 நாள் இடைவெளி. போட்டி வாரத்தில் லேசாக நீவுவதோடு சரி. ஓடி முடித்த பிறகு தசை வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அதைத் தாண்டவிட்டு 3ஆம் நாள் மாலை போகிறேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் அதை யாரும் நீவக் கூடாது. அது ரத்த உறைவாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு பத்தி மசாஜ் பக்கத்தில் இல்லை, ஆனால் அதைப் பார்க்காமல் இந்தக் கணக்கு நேராகாது. 18 வாரத்தில் 126 இரவு. இரவுக்கு 8 மணி நேரம் என்றால் 1,008 மணி நேரத் தூக்கம். நான் தூங்கியது சராசரி ஆறரை, ஆக 819. பற்று 189 மணி நேரம். அதற்கு எதிரே காசு கொடுத்து வாங்கியது 6 மணி 15 நிமிட மசாஜ்.

அடுத்த செப்டம்பருக்கான பக்கத்தை எழுதிவிட்டேன். 30, 32 கிலோமீட்டர் ஓட்டங்களுக்குப் பின் ஒவ்வொன்று, போட்டி முடிந்து ஒன்று. 1,800, 1,800, 1,400, ஆட்டோ 600. மொத்தம் 5,600 ரூபாய். மிச்சமாகும் 7,200 ரூபாயோடு இன்னும் 1,300 போட்டால் புது ஷூ வரும். எண்ணெய் வரி மாறவில்லை. அதற்கு மேலே, பென்சிலால், புதிதாக ஒரு வரி: இரவு 9.30, விளக்கணைப்பு.