கெட்ட பாலைக் கீழே ஊற்றாதீர்கள்

பால் திரிந்துபோனாலோ, வாடை மாறினாலோ, குடித்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டாலோ நம் வீடுகளில் நடப்பது ஒன்றுதான். மிச்சப் பாலைச் சாக்கடையில் ஊற்றுகிறோம், கவரைக் குப்பையில் போடுகிறோம், பிறகு கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போடுகிறோம். இன்னும் சிலர் பாலைக் கிண்டிக் கிளறிக் காணொளி எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். இவற்றில் ஒன்றுகூட எந்த அலுவலகத்திலும் செல்லாது. ஆதாரம் சாக்கடையோடு போய்விட்டால், நேர்மையான அதிகாரியாலும் எதையும் நிரூபிக்க முடியாது. 2017இல் தமிழகத்தின் அன்றைய பால்வளத் துறை அமைச்சரே தனியார் பாலில் ரசாயனம் கலப்பதாகப் பேசினார். மாநிலமே பதறியது. நிறுவனங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஆதாரமில்லாமல் பேசக் கூடாது என்று நீதிமன்றம் அமைச்சரைத் தடுத்தது. அமைச்சரின் பேச்சே ஆய்வறிக்கை இல்லாமல் நிற்கவில்லை என்றால், நம் காணொளி எப்படி நிற்கும்?

இதைவிடப் பெரிய கோளாறு, நாம் பயப்படும் பொருளே வேறாக இருப்பது. பாலில் யூரியா, சோப்புத்தூள் என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறோம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. உடலுக்குக் கேடு தரும் கலப்படம் 12 மாதிரிகளில்தான் இருந்தது. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்னும் பூஞ்சை நஞ்சு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாட்டிக் எச்சம் வரம்பு மீறியிருந்தது. பூஞ்சை நஞ்சு கண்ட மாதிரிகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: எடுத்த 551 மாதிரிகளில் 88. அதுவும் கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இந்த நஞ்சு அதிகம் காணப்பட்டது. ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றைத் தின்ற மாட்டின் உடலில் அந்த நஞ்சு உருமாறிப் பாலில் இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. ஒரு டம்ளரில் யாரும் விழுந்துவிட மாட்டார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும் நஞ்சு அது. பாலை முக்கிய உணவாகக் கொண்ட குழந்தைகளுக்குத்தான் இதில் கவலை அதிகம்.

காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். கிருமிக்கு அது சரி, நஞ்சுக்குச் சரியல்ல. பொங்கக் காய்ச்சினால் காசநோய்க் கிருமியும் புரூசெல்லா கிருமியும் சாகும். அஃப்ளாடாக்சின் சாகாது, மருந்து எச்சமும் முழுதாகப் போகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒருபக்கம் கவர் பாலைக் கண்டு நடுங்கும் நாமே, மறுபக்கம் கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிப்பது இயற்கை மருத்துவம் என்று பரப்புகிறோம். இது ஆபத்தான பேச்சு. புரூசெல்லா தொற்றினால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி என்று வாரக்கணக்கில் இழுக்கும். டைபாய்டு என்றோ வாதம் என்றோ நினைத்து வைத்தியம் நடந்துகொண்டிருக்கும். பச்சைப்பால் குடிப்பவரும் மாடு வளர்ப்பவரும் நீண்ட காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால், கேட்காவிட்டாலும் அதைச் சொல்ல வேண்டும். சுத்தமான மாடு, தெரிந்த வீட்டு மாடு என்ற சமாதானமெல்லாம் கிருமிக்குத் தெரியாது. காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

அப்படியானால் பாலையே விட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு, தேவையில்லை என்பதே பதில். கால்சியம், புரதம், சைவ உணவுக்காரர்களுக்குக் கிடைப்பதற்கு அரிய பி12 வைட்டமின் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் பால் குடித்து வயிறு உப்பினால் உடனே கலப்படம் என்று முடிவுகட்டக் கூடாது. எந்தப் பால் குடித்தாலும் உப்புகிறது, தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன என்றால், அது பாலின் சர்க்கரையான லாக்டோஸ் செரியாத கோளாறாக இருக்கலாம். தென்னிந்தியர்களில் இது சாதாரணம். கைக்குழந்தைக்குத் தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் அது பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம்; குழந்தை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலை விட்டுப் பசும்பாலையே பிரதானமாகக் கொடுத்தால் இரும்புச்சத்துக் குறைவு வரும். தன் உடம்பின் கோளாறு எது, பாலின் கோளாறு எது என்று பிரித்துச் சொல்லக் கண்ணும் நாக்கும் போதாது. ஒன்றுக்கு மருத்துவர் வேண்டும், மற்றதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும்.

ஆய்வுக்கூடத்தின் கதவு நமக்கும் திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து அறிக்கை பெறலாம். மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் நகல் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்கும் போகும். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று தெரிந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை: சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்ல வேண்டும். ஆகவே சந்தேகம் வந்த பாலைப் புகாருக்காக வைத்துக்கொள்ளுங்கள், அதோடு ஆய்வுக்கூடத்துக்கு ஓடாதீர்கள். அதே கடையில், முடிந்தால் அதே பேட்ச் எண்ணில் புதிய கவர் வாங்குங்கள், விஷயத்தைச் சொல்லுங்கள், ரசீது வாங்குங்கள், கவரைப் பிரிக்காமல் குளிரில் வையுங்கள். வாங்கும்போதே சொல்ல வேண்டும் என்பதை மறக்கவே மறக்காதீர்கள். கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. எவ்வளவு பால், எந்தப் பாத்திரத்தில், கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அஃப்ளாடாக்சின் எம்1, ஆன்டிபயாட்டிக் எச்சம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இல்லாவிட்டால் கொழுப்பும் தண்ணீரும் மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும்.

கட்டணம் கட்ட முடியாதவர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலருக்கு எழுத்தில் புகார் தரலாம். துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கும் அனுப்பலாம். கடையின் முகவரி, தேதி, பேட்ச் எண், கவரில் உள்ள 14 இலக்க உரிம எண் ஆகியவை புகாரில் கட்டாயம் இருக்கட்டும். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். தீபாவளிக்கு முன் நாலு இனிப்புக் கடையில் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பதோடு சோதனையை முடித்துக்கொள்ளும் வழக்கம் நம் அதிகாரிகளிடம் உண்டு. புண்ணாக்கின் பூஞ்சை பண்டிகை பார்த்து வருவதில்லை. பதில் இல்லையென்றால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்: கடந்த ஆண்டு இம்மாவட்டத்தில் எத்தனை பால் மாதிரிகள் எடுக்கப்பட்டன, அவற்றில் எத்தனை அஃப்ளாடாக்சினுக்காகச் சோதிக்கப்பட்டன, எத்தனை பேர் மீது நடவடிக்கை? 30 நாளில் பதில் தர வேண்டும்.

குடித்தவர் நோயுற்றால் மருத்துவச் சீட்டு, சோதனை முடிவு, மருந்து ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, மரணத்துக்குக் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு ஒரு லட்சம் வரை இழப்பீடு தர வழிசெய்கிறது. இது தவிர, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்குள் போனாலும் கையில் ரசீதும் ஆய்வறிக்கையும் இருக்க வேண்டும். அதனால் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: சந்தேகப்பட்ட பாலைக் கீழே ஊற்றாதீர்கள், கவரைத் தூக்கிப் போடாதீர்கள், புகாரை எழுத்தில் கொடுங்கள்.