38,000 ரூபாய் பில்லுக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி: கார் டைமிங் செயின் கணக்கு

வழக்கமா டாக்ஸ், எஸ்ஐபி பத்திப் பேசுவோம். இன்னிக்கு என் காரைப் பத்தி. ஏன்னா அது என் எமர்ஜென்சி ஃபண்டையே காலி பண்ணப் பார்த்துச்சு.

என்னோடது செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார். காலையில முதல் ஸ்டார்ட்ல ரெண்டு மூணு செகண்ட் கடகடன்னு ஒரு சத்தம் வரும், அப்புறம் நின்னுடும். நான் கண்டுக்கவே இல்லை. ஒருநாள் செக் இன்ஜின் லைட் எரிஞ்சுது. ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனரை மாட்டினா பி0016-னு கோடு. "டைமிங் செயின் போயிடுச்சு சார், 38,000 ஆகும்"னுட்டாங்க.

அந்தக் கோடு உண்மையில் சொல்வது என்ன? கிராங்க்‌ஷாஃப்ட் ரெண்டு சுத்து சுத்தினா கேம்ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தணும். அப்பதான் வால்வுகள் சரியான நேரத்துல திறந்து மூடும். ரெண்டையும் இணைப்பது செயின் அல்லது பெல்ட். ரெண்டு சென்சாரும் சொல்ற நிலை ஒத்துப்போகலைன்னா பி0016 வரும். எங்க தொழில்ல சொன்னா, கேஷ் புக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் டேலி ஆகலை. உடனே பணம் திருடு போச்சுன்னு போலீசுக்கா போவோம்? முதல்ல வவுச்சரை எடுத்துப் பார்ப்போம்ல.

அதனால செலவு கம்மியான செக்கிங்ல இருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். முதல்ல ஆயில் அளவு. டிப்ஸ்டிக்ல மினிமம் கோட்டுக்கும் கீழே, தார் மாதிரி கருப்பு. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பல கார்கள்ல ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யும்; அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் அப்பதான் புரிஞ்சுது. அடுத்து சென்சார், ஒயரிங், ஆயில் கன்ட்ரோல் வால்வு. கவரைக் கழட்டி டைமிங் மார்க் பார்க்கிறது கடைசி.

எனக்கு ஆயில், ஃபில்டர் மாத்தி, வால்வு கிளீன் பண்ணதோட முடிஞ்சுது. 5,200 ரூபாய். லைட் திரும்ப வரலை.

எல்லாருக்கும் இப்படி முடியாது. மார்க் நிஜமாவே விலகியிருந்தா பேரம் பேசாம மாத்திடுங்க, அதுவரை ஓட்டாதீங்க. பல இன்ஜின்கள்ல டைமிங் தவறினா பிஸ்டன் வால்வை இடிச்சு வளைச்சுடும். தேய்மானம், மெக்கானிக்கல் பழுது இதெல்லாம் சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ்ல வராது.

பெல்ட் வண்டின்னா இன்னும் கஷ்டம். பெரும்பாலும் சத்தமே போடாம அறுந்துடும். அங்க கிலோமீட்டரும் வயசும்தான் அறிகுறி. மேனுவல்ல 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாத்தணும்னு இருக்கு, செலவு 15,000-னு வெச்சுக்குவோம். கிலோமீட்டருக்கு 15 பைசா. 85,000 ஓடின காரை பெல்ட் மாத்தின பில் இல்லாம வாங்கினா, பழைய ஓனர் ஓட்டித் தீர்த்த 12,750 ரூபாய் உங்க தலையில. கணக்குல இதுக்குப் பேரு ப்ரொவிஷன். விலை பேசும்போது அந்தத் தொகையைத் தைரியமா கழிக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, கார் பார்க்கப் போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. அந்த முதல் மூணு செகண்ட் சத்தம் உங்களுக்குக் கேட்காது. "நாளைக்குக் காலையில வரேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்துடுங்க.