கண் சிவந்தால் முதுகைப் பற்றி ஏன் கேட்கிறோம்?

கண் சிவந்து வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது என்று வருபவரிடம், காலையில் எழும்போது இடுப்பு விறைத்திருக்கிறதா என்று நாங்கள் கேட்பதுண்டு. கண்ணைக் காட்ட வந்த இடத்தில் இதென்ன கேள்வி என்று உடன் வந்தோர் வியப்பர்.

எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ அன்று. கண்பாவையைச் சூழ்ந்த படலத்திலும் அதன் தொடர்ச்சியிலும் எழும் அழற்சிக்கு யுவியைட்டிஸ் என்று பெயர். சிலருக்கு அது கிருமியால் வரும். வேறு பலருக்கோ நோய் எதிர்ப்பு அணுக்களே காரணம். அவற்றுள் முதன்மையானவை டி செல்கள். உடலின் செல்கள் தம்முள் உள்ள புரதத் துணுக்குகளை எச்எல்ஏ என்னும் தாங்கியில் வைத்து வெளியே காட்டும். டி செல்லின் மேலுள்ள ஏற்பி அதைத் தொட்டுப் பார்த்து, அயலானதா என்று அறியும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி என்றால் தொல்லையில்லை. ஒரே ஏற்பிக்குப் பல துணுக்குகள் பொருந்திவிடுகின்றன.

எச்எல்ஏ-பி27 வகைத் தாங்கி உடையோருக்கு இந்தக் கண் அழற்சியும் முதுகெலும்பு மூட்டழற்சியும் மிகுதியாக வருவது 1973 முதல் அறிந்ததே. இருவகை நோயாளிகளிடமும் எடுத்த டி செல்களில் ஒத்த ஏற்பிகள் இருப்பதையும், அவை பாக்டீரியாவின் துணுக்கையும் உடலின் சொந்தத் துணுக்கையும் ஒருங்கே பற்றுவதையும் 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. எங்கள் கேள்வியின் வேர் இந்த உறவுதான். ஆயினும், பி27 உடையோரில் பெரும்பாலோருக்கு இந்நோய்கள் வருவதே இல்லை. சோதனை முடிவை மட்டும் கண்டு அஞ்ச வேண்டாம்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து பிழை செய்யும் ஏற்பியைத் தேடிப் பிடிப்பதில்லை. அழற்சியை ஒட்டுமொத்தமாக அடக்குகிறது. கண் அழுத்தமும் புரையும் அதன் பக்கவிளைவுகள். அதனால்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறோம். நோய் திரும்பத் திரும்ப வந்து பார்வையை அச்சுறுத்தினால் அடாலிமுமாப் ஊசி சிலருக்கு உதவும். டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதம் தன் ஏற்பியைச் சென்றடையாதபடி அது தடுக்கிறது. அதே புரதம்தான் உறங்கும் காசநோயையும் அடக்கி வைத்திருக்கிறது. ஆகவே ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயம்.

சிவப்பு மறைந்த பின்னும் கண்ணுக்குள் மிதக்கும் அணுக்கள் எங்கள் பிளவு விளக்கில் தெரியும். அதுவரை மருந்தைத் தாமாக நிறுத்தினால் படலம் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளலாம். மீண்டும் சிவந்தாலோ, வீட்டிலுள்ள பழைய புட்டியைத் திறக்க வேண்டாம்: ஹெர்பிஸ் கிருமியால் வந்த சிவப்பாயின் ஸ்டீராய்டு அந்தப் புண்ணை வளர்த்துவிடும். அன்றே வந்து காட்டுங்கள். புட்டியையும் கையோடு கொண்டுவாருங்கள்.